கைக்கு மதிப்பெண் போடுவது யார்?

இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இலக்கிய மேடையில் ஒரு வெல்டிங் வாத்தியாருக்கு என்ன வேலை என்று, அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கதை எழுதியதில்லை, கவிதை எழுதியதில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளின் கையைப் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்த அமைப்பு இத்தனை ஆண்டுகளாகப் பேசிவரும் கேள்வியும் அதுதான் என்று நினைக்கிறேன். உழைக்கிற கையை யார் அளக்கிறார்கள்? எந்தக் கோலால் அளக்கிறார்கள்? அந்தக் கோலைச் செய்தவர் யார்?

இந்தச் சொற்பொழிவு யார் பெயரில் நடக்கிறதோ அவரே ஒரு தேர்வை எதிர்த்தவர் என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். 1893-இல் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அந்த ஜூன் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. ‘பறையன்’ இதழைத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் கூட்டம் கூட்டி, அதை எதிர்த்து 3412 பேரின் கையெழுத்தோடு 112 அடி நீள மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். தேசத்துக்கு விரோதி என்று அவரை அன்றைக்கும் ஏசினார்கள், பிறகும் ஏசினார்கள். அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. பள்ளிக்கூட வாசலே சிலருக்கு மட்டும் திறந்திருக்கும் ஊரில் ஒரு தேர்வை வைத்தால், அது யாரை மேலே ஏற்றும்? ஏறியவர் யார்மேல் அதிகாரம் செலுத்துவார்? தேர்வு என்பது வானத்திலிருந்து விழுந்த தராசு அல்ல என்பதை 130 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்.

அவர் பேசியது எழுத்துத் தேர்வைப் பற்றி. நான் இன்று பேசப்போவது செய்முறைத் தேர்வைப் பற்றி. ஒருவர் ஒரு வேலையைச் செய்து காட்டுகிறார். பார்ப்பவர் ‘தகுதி உண்டு’ அல்லது ‘இல்லை’ என்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை எங்கே போடுவது, யார் போடுவது என்பதே என் பொருள்.

1. இரண்டு கோடுகள்

நாம் பேச்சில் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைப் பிரித்துவிடலாம். ஒன்று, வரிசை. நூறு பேர் ஓடினால் முதலில் வந்தவர் யார், பத்தாவது வந்தவர் யார் என்று சொல்வது. இன்னொன்று, தகுதிக்கோடு. இந்த வேலையைப் பாதுகாப்பாகவும் சரியாகவும் செய்ய இவ்வளவு தெரிந்தால் போதும் என்று சொல்வது. வரிசையில் உங்கள் இடம் பக்கத்தில் ஓடுபவரைப் பொறுத்தது. தகுதிக்கோடு வேலையைப் பொறுத்தது. நூறு பேரும் அதைத் தாண்டலாம். ஒருவர்கூடத் தாண்டாமலும் போகலாம்.

இடஒதுக்கீட்டால் தரம் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசுகிறார்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான கட்-ஆஃப் என்பது வரிசை. இடம் குறைவு, கேட்பவர் அதிகம் என்பதால் வந்தது. அது ஒவ்வொரு ஆண்டும் மாறும். படித்து முடித்து வெளியே வரும்போது எழுதும் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண் எல்லாருக்கும் ஒன்றுதான். அதுவே தகுதிக்கோடு. உள்ளே நுழையும் வரிசையில் பத்து இடம் பின்னால் நின்றவர், வெளியே வரும்போது அதே கோட்டைத் தாண்டித்தான் வருகிறார். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால், தேநீர்க் கடையில் நடக்கும் பாதி வாதம் அங்கேயே முடிந்துபோகும்.

கோடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கோடு இல்லாத இடத்தில் முதலில் சாகிறவன் நம் ஆள்தான். சரியாகக் கட்டாத சாரத்தில் ஏறுகிறவன், எர்த் கொடுக்காத மோட்டாரைத் தொடுகிறவன், பயிற்சி இல்லாத கையால் பற்றவைத்த கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவன் யார்? காசு கொடுத்தால் கிடைக்கும் சான்றிதழ் நம் பிள்ளைக்கு எந்த நன்மையும் செய்யாது. சொந்தத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாமன் உள்ளவனுக்குச் சான்றிதழ் தேவையில்லை. யாரும் இல்லாதவனுக்குத்தான் அந்தக் காகிதம் பேச வேண்டும். ஆகவே கோடு உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதில் நமக்குத்தான் அதிக அக்கறை.

2. இரும்பு சொல்லும் தீர்ப்பு

உண்மையான கோடு எப்படி இருக்கும் என்பதற்கு என் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம். திருச்சி பக்கம் வெல்டர் என்றால் ‘6ஜி பாஸா?’ என்று கேட்பார்கள். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்து வைத்துவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். ஒரே பற்றில் கீழிருந்து மேல்நோக்கி, தலைக்கு மேல், பக்கவாட்டில் என்று எல்லா நிலையும் வந்துவிடும். முடித்தபின் அந்த இணைப்பிலிருந்து துண்டுகளை அறுத்தெடுத்து அச்சில் வைத்து வளைப்பார்கள். வளைந்த புறத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு திறந்தால் தேறவில்லை. உலகம் முழுக்கப் புழங்கும் ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பின் 9-ஆம் பிரிவு சொல்லும் கணக்கு அது. ஆறு மாதம் அந்த முறையில் வேலையே செய்யாவிட்டால் தகுதி காலாவதியாகிவிடும். எப்போதோ வாங்கிய பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு காலமெல்லாம் உட்கார்ந்திருக்க முடியாது.

இந்தத் தேர்வில் நான் மதிப்பது மூன்று விஷயங்களை. முதலாவது, கேட்கப்படுவது வேலையே. வேலையைப் பற்றிய கட்டுரை அல்ல. இரண்டாவது, கோடு முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது, தீர்ப்புச் சொல்வது இரும்பு. அந்தத் துண்டில் எண் குத்தியிருக்கும், பெயர் இருக்காது. வளைக்கும் எந்திரத்துக்கு அந்தத் துண்டைப் பற்றவைத்தவனின் தெரு தெரியாது.

இன்னொன்றும் உண்டு. இங்கே கூட்டுக் கணக்கு செல்லாது. மேல்பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், அடியில் ரூட் சரியாக இறங்கவில்லை என்றால் கதை முடிந்தது. உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் இதுதான் நியாயம். வயரிங் வேலையில் சுத்தத்துக்குப் பத்து, வேகத்துக்குப் பத்து, எர்த்துக்குப் பத்து என்று போட்டு மொத்தத்தைக் கூட்டினால், எர்த் கொடுக்காதவனும் அறுபது வாங்கித் தேறிவிடுவான். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தனித்தனியாகப் பிரிப்பது கோடு போடுகிறவர்களின் முதல் கடமை.

இரும்புக்குச் சாதி தெரியாது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சோதனைக்கு முன் எத்தனை ராடு எரித்துப் பழகினான் என்பதில் எல்லாம் இருக்கிறது. பைப்புக்கும் ராடுக்கும் காசு வேண்டும். பழகும்போது பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும். கோடு நேராக இருக்கலாம். அதுவரை வரும் பாதை எல்லாருக்கும் நேராக இல்லை.

3. கண் போடும் மதிப்பெண்

எல்லா வேலையையும் அச்சில் வைத்து வளைத்துப் பார்க்க முடியாது. சமையல், செவிலியம், முடிதிருத்தம், வாகனம் ஓட்டுதல் என்று பல வேலைகளில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அங்கேதான் சாதி மெல்ல உள்ளே நுழைகிறது.

நான் உடனிருந்த ஒரு செய்முறைத் தேர்வில் மதிப்பெண் தாளில் ஒரு பத்தி இருந்தது: ‘மனப்பான்மை மற்றும் பொது அணுகுமுறை’. அளவுகோலால் அளந்த பத்திகளில் பையன்களுக்கு நடுவே ஓரிரண்டு மதிப்பெண்தான் வித்தியாசம். இந்தப் பத்தியில் மட்டும் பெரிய பள்ளம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொருவரிடமும் ‘எந்த ஊர்? ஊருக்குள்ளேயா? அப்பா என்ன பண்றாரு?’ என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பத்தியை நிரப்பினார். அவர் கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அளக்க முடியாத பத்தி ஒன்று தாளில் இருந்தால், அளப்பவர் தனக்குத் தெரிந்த பழைய கோலை எடுத்து அதை அளப்பார். அவ்வளவுதான்.

இது நீதிமன்றத்துக்கும் தெரியாததல்ல. 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கையைப் பார்த்தது. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. இரண்டு மூன்று நிமிடப் பேச்சுக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது நீதிமன்றம். நேர்காணலை ஒலிப்பதிவு செய்யலாம் என்றும் யோசனை சொன்னது. 2007-இல் டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழுவிடம், தலித் பழங்குடி மாணவர்கள் செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் தாங்கள் வேறுவிதமாக நடத்தப்படுவதைச் சொன்னார்கள். விடைத்தாளில் எண் மட்டும் இருக்கிறது. வைவாவில் முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ‘நன்று, சுமார்’ என்று எழுதச் சொல்லாமல், ‘கையுறை போட்டாரா? மின்சாரத்தைத் துண்டித்தாரா? அளவை இரண்டாம் முறை சரிபார்த்தாரா?’ என்று ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய வரிகளாகத் தாளைப் பிரிக்க வேண்டும். இரண்டு தேர்வாளர்கள் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். இருவரும் அடிக்கடி வேறுபட்டால் கோளாறு பையனிடம் இல்லை, தாளில் இருக்கிறது. செய்து முடித்த ஜாப்பை எண்ணோடு மட்டும் வேறு அறைக்கு அனுப்பி அளக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

4. கோட்டை எங்கே போடுவது?

இனி நடுக் கேள்வி. நாற்பது வரி உள்ள ஒரு தாளில் எத்தனை வரி சரியாக இருந்தால் தேர்ச்சி? முப்பதா, இருபத்தைந்தா? பழக்கத்தில் ஐம்பது, அறுபது என்று உருண்டை எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

இதற்கென்று வழிமுறைகள் உண்டு. பெரிதும் புழங்குவது, வில்லியம் ஆங்காஃப் என்ற அமெரிக்கத் தேர்வியல் அறிஞர் 1971-இல் எழுதியதிலிருந்து வந்த முறை. தொழில் தெரிந்த சிலரை உட்காரவைப்பார்கள். ‘இந்த வேலைக்குத் தகுதியின் விளிம்பில், மயிரிழையில் தேறக்கூடிய ஒரு தொழிலாளியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இந்த வரியைச் சரியாகச் செய்ய எவ்வளவு வாய்ப்பு?’ என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்பார்கள். எல்லார் சொன்னதையும் சராசரி எடுத்தால் கோடு கிடைக்கும். நல்ல முறைதான். ஆனால் ‘மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அவர்கள் மனதில் வரும் தொழிலாளியின் முகம் யாருடையது? வேலை செய்யும் ஒருவர்கூட இல்லாமல் மேலாளர்களும் பேராசிரியர்களும் மட்டும் உட்கார்ந்து நினைத்தால், அந்தக் கற்பனையில் நம் ஆள் எப்படி இருப்பான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு முறையில் கற்பனைக்கு இடம் குறைவு. ஏற்கெனவே அந்த வேலையை நன்றாகச் செய்துவருபவர்கள் ஒரு குழு, இன்னும் பழகாதவர்கள் ஒரு குழு. இரு குழுவுக்கும் அதே தேர்வை வைத்துப் பார்ப்பது. இரு குழுவின் மதிப்பெண்களும் எங்கே பிரிகின்றனவோ அங்கே கோடு. நன்றாக வேலை செய்பவர்களே அந்தத் தேர்வில் தோற்றால், தப்பு தேர்வின்மேல்.

இதே தர்க்கம் ஒரு நீதிமன்றத்தில் வரலாறு படைத்திருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம். அதன் டேன் ரிவர் மின்நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ‘லேபர்’ பிரிவில் மட்டுமே வேலை. அந்தப் பிரிவில் ஆக அதிகக் கூலி, மற்றப் பிரிவுகளின் ஆகக் குறைந்த கூலியைவிடவும் குறைவு. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டப்பிரிவு 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புது விதி போட்டது. நல்ல பிரிவில் புதிதாகச் சேர வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும். தேர்ச்சிக்கோடு, நாட்டின் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களின் நடு மதிப்பெண். அதாவது பள்ளி முடித்தவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் தோற்கும் இடத்தில் கோடு. 1960 கணக்குப்படி அந்த மாநிலத்தில் வெள்ளை ஆண்களில் 34 சதவீதமும் கறுப்பின ஆண்களில் 12 சதவீதமும்தான் உயர்நிலைப் பள்ளி முடித்திருந்தார்கள்.

அங்கிருந்த 14 கறுப்பினத் தொழிலாளர்களில் 13 பேர் வழக்குப் போட்டார்கள். பழைய காலத்தில் சான்றிதழே இல்லாமல் நல்ல பிரிவுகளில் சேர்ந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் பக்கம் வலுவாக நின்றது. அப்படியானால் அந்தச் சான்றிதழ் எதற்கு? 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, வேலையோடு தொடர்பில்லாத தேர்வு ஒரு சாராரை வெளியே தள்ளுமானால், உள்நோக்கம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. மனிதரைப் பொதுவாக அளக்காதே, இந்த வேலைக்கு அளந்து பார் என்பதுதான் அதன் சாரம். தேர்வு வேலைக்குப் பொருந்துகிறது என்று மெய்ப்பிக்கும் சுமையை நிறுவனத்தின் தலையில் வைத்தது. நம் நாட்டில் அந்தச் சுமை இன்னும் தேர்வு எழுதுபவன் தலையில்தான் இருக்கிறது.

5. தோலின் மொழி

2013 டிசம்பரில் இந்திய அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. 2015-இல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதில் நமக்கு முக்கியமான ஒரு பகுதி, முன்பே கற்ற திறனுக்கு அங்கீகாரம் தருவது. பள்ளிக்கூடம் போகாமலே அப்பன் பாட்டனிடம் கற்ற கைக்கும் சான்றிதழ் உண்டு என்கிறது அது. கொள்கையாகப் பார்த்தால் நாம் நெடுநாள் கேட்டதுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் வெட்டும் ஒருவரின் கையைப் பாருங்கள். தோலை விரித்ததும் விரலால் இழுத்துப் பார்க்கிறார். எந்தப் பக்கம் நீள்கிறது, எந்தப் பக்கம் நீளவில்லை என்று தெரிந்துகொள்கிறார். ஷூவின் மேற்பாகம் நுனியிலிருந்து குதிகால் நோக்கி நீளக் கூடாது. நீண்டால் நான்கு மாதத்தில் வடிவம் போய்விடும். முதுகுப் பகுதி கெட்டி, வயிற்றுப் பகுதி தொளதொள. அம்மைத் தழும்பையும் உண்ணி கடித்த இடத்தையும் தள்ள வேண்டும். தள்ளியும் தோல் வீணாகக் கூடாது. இடது காலும் வலது காலும் ஒரே நிறத்தில், ஒரே மணியில் அமைய வேண்டும். ஒரு தோலைப் பார்த்த சில நொடியில் இவ்வளவு முடிவும் அந்தக் கையில் நடக்கிறது. இதை அவரிடம் வாயால் விளக்கச் சொன்னால் ‘பார்த்தாலே தெரியும் சார்’ என்பார்.

அவருக்குத் தேர்வு வைக்கும்போது என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தோலைக் கொடுத்து, எத்தனை ஜோடி எடுக்கிறார், எவ்வளவு கழிவு, நீட்சித் திசை சரியா, நிறம் பொருந்துகிறதா என்று பார்த்தால் அது வேலையை அளக்கும் தேர்வு. அவர் ஒருநாளும் வாயில் புழங்காத ஆங்கிலச் சொற்களில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், அது பள்ளிக்கூடம் போனாயா என்று கேட்பது. டியூக் பவர் செய்ததற்கும் இதற்கும் பெயரில்தான் வேறுபாடு.

இன்னொரு கவலையும் உண்டு. ‘திறன்’ என்று சான்றிதழ் கொடுக்கும்போது நம்மைப் பாட்டன் தொழிலிலேயே முளையடித்துக் கட்டிவிடுகிறார்களா? சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலையாட்களைப் பிரித்துப் படிவைத்தது என்று அம்பேத்கர் 1936-இலேயே காட்டினார். தோல் வெட்டுபவருக்குக் கிடைக்கும் சான்றிதழ் அவரை மேற்பார்வையாளராக, வடிவமைப்பாளராக, பயிற்றுநராக ஏற்றும் ஏணியின் முதல் படியாக இருக்க வேண்டும். மேலே படி இல்லாத ஏணிக்கு வேறு பெயர் உண்டு.

6. கோடே போடக் கூடாத இடம்

கடைசியாக, நான் மிகவும் தயங்கிச் சொல்ல வேண்டிய ஒன்று. பாதாளச் சாக்கடையில் இறங்குபவர்களுக்கு இப்போது அரசுத் தாள்களில் ‘சாக்கடை நுழைவு வல்லுநர்’ என்ற பொருள்படும் பெயர் வந்திருக்கிறது. பயிற்சி, அடையாள அட்டை, பாதுகாப்புக் கருவி எல்லாம் பேசப்படுகின்றன. கருவி வருவதை நான் எதிர்க்கவில்லை. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன்.

தகுதித்தரம் என்பதற்கு ஒரு அடிப்படை உண்டு. கற்றுக்கொண்டால் வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்றால்தான் அதற்குத் தரம் வகுக்கலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு 100 பி.பி.எம். அளவைத் தாண்டும்போது மூக்கு மரத்துப்போகிறது, நாற்றமே தெரியாது. இன்னும் பல மடங்கு கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுகிறான். இருபது வருட அனுபவம் உள்ள மூக்கும் முதல் நாள் இறங்கும் மூக்கும் அங்கே ஒன்றுதான். எந்தக் கைத்திறனும் வெல்ல முடியாத ஆபத்துக்குத் திறன் தேர்வு வைத்தால், சாவு வரும்போது ‘அவருக்குத் தகுதி போதவில்லை’ என்று சொல்ல வசதியாகிவிடும். குற்றம் செத்தவன்மேல் போய் உட்காரும்.

2013-இன் சட்டம், பாதுகாப்புக் கருவியும் ஏற்பாடும் இல்லாமல் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இலும், அதை 30 லட்சமாக்கி 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே தரம் வகுக்கப்பட வேண்டியது எந்திரத்துக்கு, அதை வாங்க வேண்டிய அதிகாரிக்கு, ஆளை இறக்கும் ஒப்பந்தக்காரருக்கு. ‘எந்திரம் இருக்கிறதா? வாயு அளந்தாயிற்றா? மனிதர் இறங்காமல் முடிக்க முடியுமா?’ என்ற தேர்வை அவர்கள் எழுதட்டும். தோற்றால் என்ன தண்டனை என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

7. எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள்

தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை இவை. தரம் வகுக்கும் ஒவ்வொரு குழுவிலும் அந்த வேலையைச் செய்பவர்கள் உட்கார வேண்டும். அந்த வேலை எந்தச் சமூகத்தின் தோளில் இருந்ததோ அந்தச் சமூகத்தவர் உட்கார வேண்டும். வேலையோடு தொடர்பைக் காட்ட முடியாத எந்த நிபந்தனையும் தாளிலிருந்து போக வேண்டும். தேர்வின் மொழி வேலைத்தலத்தின் மொழியாக இருக்க வேண்டும். தேறாதவருக்கு எந்த வரியில் தேறவில்லை என்று எழுதிக் கொடுத்து, மறுபடி முயல வழிவிட வேண்டும்.

இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்தத் தரமும் ஒரு விவரிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த வேலையைச் செய்யும் கை முதலில் எதைத் தொடுகிறது, எதைப் பார்த்து நிற்கிறது, எப்போது முடிவை மாற்றுகிறது என்று ஒருவர் அருகில் உட்கார்ந்து எழுத வேண்டும். அதிகாரிகள் எழுதும் விவரிப்பில் வேலை இருக்கும், அதைச் செய்பவரின் அறிவு இருக்காது. பறையைத் தீயில் காய்ச்சிச் சரியான சுருதியில் எடுக்கும் நொடியை, பிள்ளைப்பேறு பார்க்கும் கிழவியின் கை வயிற்றில் தேடுவதை, நாற்று முடியின் கனத்தைக் கை அறிவதை இந்த மேடையில் இருப்பவர்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை இலக்கியம் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஆவணம். தரம் வகுக்கும் மேசையின்மேல் அதைக் கொண்டுபோய் வைக்கலாம், வாதாடலாம்.

என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மாதம் தேர்வு. ரூட்டைச் சரியாக இறக்குங்கள். மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த வரிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அளக்க முடியாத பத்தி ஒன்று அதில் இருந்தால், எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.